போர் ஏவுகணைகளின் சிறுவடிவ ராக்கெட்டும் சொந்தமாகச் செய்த மூக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாய், துடுப்பு, பாரசூட், மோட்டார் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் விரும்பும் ஏவுகணைக்குப் பொருத்தமான மூக்குக் கூம்பு மட்டும் அநேகமாகக் கிடைக்காது. "கிட்டத்தட்ட இதே மாதிரிதான்" என்று ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். அதை மாட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏவுகணை தெரியும். அதை நேசிக்கிறவருக்கு வேறொருவர் முகம் தெரியும். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் மூக்கைச் சுற்றியே வருவதற்கு அதுதான் காரணம்.

இது உண்மையில் என்ன? பொம்மையா, ஆயுதமா?

காகிதக் குழாய், பால்சா மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்து, தொழிற்சாலையில் தயாரித்துச் சான்று பெற்ற சிறு மோட்டாரில் மேலே போய், பாரசூட்டில் இறங்கி, மறுபடியும் பறக்கிற மாதிரி ராக்கெட். வெளித்தோற்றம் மட்டும்தான் ஏவுகணையுடையது. உள்ளே வழிகாட்டும் கருவியும் கிடையாது, வெடிக்கும் தலையும் கிடையாது. இவை வரவும் கூடாது. எந்த இலக்கையும் நோக்கி ஏவுவதில்லை என்பது இந்தப் பொழுதுபோக்கின் ஆதிகால விதி. "இதை ஒரு இடத்தைப் பார்த்துப் போகவைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

போர் ஏவுகணைகளை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? விண்கலம் ஏவும் ராக்கெட்டுகள் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் பெரிய விண்வெளி ராக்கெட்டுகள் பலவற்றுக்குத் துடுப்பே கிடையாது. கீழே இருக்கும் எஞ்சின் வாயைத் திருப்பித்தான் அவை நேராகப் போகின்றன. அதை அப்படியே சிறிதாக்கினால் பறக்காது, கரணம் போடும். ஏவுகணைகளுக்கோ பெரும்பாலும் நீண்ட உருளை உடலும் வாலில் நான்கு துடுப்பும் உண்டு. மாதிரி ராக்கெட்டின் உருவமும் அதுவே.

பழைய உறவும் ஒன்று இருக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆர்வில் கார்லைல், ராபர்ட் கார்லைல் என்ற சகோதரர்கள் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார்கள். வெள்ளை மணல் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதைப் பார்த்துவிட்டு 1957-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மாடல் மிசைல்ஸ்'.

முதல் முயற்சிக்கு எந்த ஏவுகணை நல்லது?

என் பதில் எப்போதும் ஆனஸ்ட் ஜான்தான். 1951-இல் முதலில் சுடப்பட்ட அமெரிக்கப் பீரங்கி ராக்கெட். அதற்கு வழிகாட்டும் கருவியே கிடையாது. அதனால் காற்றில் தானாக நேராகப் போக வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது: பெரிய துடுப்புகள், கனமான தலை, போதாததற்குத் தலைக்குப் பின்னால் இருந்த சிறு ராக்கெட்டுகள் கிளம்பியதுமே அதைச் சுழற்றிவிடும். நிஜமே தன்னால் நேராகப் பறந்தது என்றால் மாதிரியும் பறக்கும்.

மூக்கு செய்யக் கற்றுக்கொள்ளவும் நல்ல வடிவம். உடல் 581 மி.மீ., தலை 762 மி.மீ. என்று உடலைவிடத் தலை தடித்தது. 33.7 மி.மீ. குழாயில் செய்தால் அளவு ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு, தலை 44 மி.மீ. வரும். அந்தப் புடைப்பைக் கடையில் வாங்க முடியாது; செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்த படி பேட்ரியட் என்ற அமெரிக்க வான்காப்பு ஏவுகணை. எளிய உருளை, இறக்கை இல்லை, ஆனால் வால் துடுப்பு சிறியது. மூக்கில் எடை போட வேண்டியிருக்கும். போர் விமானத்திலிருந்து ஏவும் அமெரிக்க சைட்வைண்டர் மூன்றாவது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் வி-2, இந்தியாவின் ஆகாஷ் இரண்டையும் கை பழகும்வரை தள்ளிவையுங்கள். வி-2 முன்னும் பின்னும் வளைவு. ஆகாஷுக்கு நடுவில் இறக்கை, உடலைச் சுற்றி நான்கு காற்றுக் குழல்கள்.

அளவை எப்படி முடிவு செய்வது? 1:10 என்று எடுத்துக்கொண்டால் போதாதா?

போதும், குழாய் ஒத்துழைத்தால். நடைமுறையில் அளவைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, கையில் இருக்கும் குழாய். பரவலாகப் புழங்கும் குழாய்களின் வெளிவிட்டம் 24.8, 33.7, 41.6, 56.3, 66 மி.மீ. நிஜ ஏவுகணையின் விட்டத்தைக் குழாய் விட்டத்தால் வகுத்தால் வருவதே உங்கள் அளவு.

பேட்ரியட்டின் விட்டம் 410 மி.மீ. 41.6-ஆல் வகுத்தால் 9.9; கிட்டத்தட்ட 1:10. அப்படியானால் சுமார் 5.3 மீட்டர் நீளம் 54 செ.மீ. ஆகிறது, மடியில் வைத்து வேலை பார்க்க வசதியான நீளம். சைட்வைண்டர் 127 மி.மீ.; 24.8 குழாயில் 1:5.1, நீளம் 59 செ.மீ. அளவில் வரும். ஆம்ராம் என்ற இன்னொரு போர் விமான ஏவுகணை 178 மி.மீ.; 41.6-இல் செய்தால் 1:4.3, நீளம் 85 செ.மீ. தாண்டும், பெரிய மோட்டார் கேட்கும். வி-2-வின் அதிகபட்ச விட்டம் 1.65 மீட்டர், 66 குழாய்க்கு அது கச்சிதமாக 1:25, நீளம் 56 செ.மீ. இப்படி முழு எண் வரும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும், அதை அனுபவித்துக்கொள்ளுங்கள். துடுப்பு வரைய ஆரம்பித்ததும் போய்விடும்.

நிஜ ஏவுகணையின் அளவுகள் எங்கே கிடைக்கும்?

பொதுவில் உள்ள அளவுகளே போதும். நீளம், விட்டம், துடுப்புகளின் அகலம் ஆகியவை எல்லாக் கையேட்டிலும் உண்டு. மூக்கின் வளைவுதான் எங்கும் எழுதியிருக்காது. அதற்குப் படம் வேண்டும். நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் ஏவுதள அருங்காட்சியகத் தோட்டத்தில் ஏவுகணைகள் வரிசையாக நிற்கின்றன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் அமெரிக்காவின் பெர்ஷிங்-2, சோவியத் எஸ்எஸ்-20 இரண்டும் வைக்கப்பட்டன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1987-இல் செய்த உடன்படிக்கையால் அழிக்கப்பட்ட வகைகள் அவை. இப்படிப்பட்ட இடங்களில் எடுத்த படங்கள் ஏராளம்.

படத்தை நம்பும்போது ஓர் எச்சரிக்கை. கீழே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் மூக்கு குட்டையாகத் தெரியும். ரொம்ப தூரத்திலிருந்து, பக்கவாட்டில், ஜூம் போட்டு எடுத்த படமே பயன்படும். அதில் உடலின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டு, மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு கால் பங்கிலும் அகலம் எவ்வளவு என்று குறியுங்கள். ஐந்து புள்ளி கிடைத்தால் வளைவு கிடைத்த மாதிரி.

இன்னொன்று: ஒரே பெயரில் பல ரகங்கள் இருக்கும். ஆனஸ்ட் ஜானின் முதல் ரகம் 8.3 மீட்டர், பிந்தையது 7.6 மீட்டருக்குக் கிட்ட. நீங்கள் செய்வது எது என்று முதலிலேயே முடிவுசெய்து, அந்த ஒன்றின் படத்தை மட்டும் மேசையில் வையுங்கள்.

மூக்கின் வளைவைக் கணக்குப் போட்டு வரைய முடியுமா?

முடியும். ஏவுகணைகளில் அதிகம் பார்ப்பது 'ஓஜைவ்'. ஒரு பெரிய வட்டத்தின் வில்லை எடுத்துச் சுழற்றினால் வருவது. உடலோடு சேரும் இடத்தில் மடிப்பு தெரியாமல் வழுக்கிக்கொண்டு சேரும். அந்த வட்டத்தின் ஆரத்தைக் கண்டுபிடிக்க, மூக்கின் நீளத்தின் வர்க்கத்தையும் அடி ஆரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, அடி விட்டத்தால் வகுத்தால் போதும்.

41.6 மி.மீ. குழாய்க்கு 83.2 மி.மீ. நீள மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அடி ஆரம் 20.8. வர்க்கங்கள் 6922, 433, கூட்டினால் 7355, 41.6-ஆல் வகுத்தால் 176.8 மி.மீ. ஒரு நூலின் முனையில் பென்சில் கட்டி 17.7 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால் உங்கள் மூக்கின் பக்கவாட்டு உருவம் அட்டையில் வந்துவிடும்.

சரிபார்க்க இரண்டு எண்: நுனியிலிருந்து 10 மி.மீ. கீழே ஆரம் 4.9, பாதி நீளத்தில் 15.8. நேரான கூம்பாக இருந்தால் பாதியில் 10.4 மட்டுமே. கையால் தேய்க்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான் தெரியும்: நுனியை ஒல்லியாக்கி, நடுவைக் கூம்பாக்கிவிடுவோம். ஓஜைவ் நாம் நினைப்பதைவிடக் குண்டு.

கூராக இருந்தால் வேகமாகப் போகும் அல்லவா?

ஒலியின் வேகத்தைத் தாண்டினால் அப்படி. நம்முடையது அதற்கு வெகு கீழே பறக்கிறது. அங்கே உருண்டை முனை கூர்முனைக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. சைட்வைண்டரின் மூக்கு அரைக்கோளக் கண்ணாடி. வெப்பத்தைத் தேடும் கண் அது. மாதிரியில் அதை அப்படியே மழுங்கலாக விடுவதில் உயரம் பெரிதாகக் குறையாது. ஊசி முனையை வேண்டுமென்றே ஒன்றிரண்டு மி.மீ. உருட்டிவிடுவது நல்லது. கீழே இறங்கும் ராக்கெட்டைக் கையை நீட்டிப் பிடிக்கப் போகிறவர் யாராவது ஒருவர் இருப்பார்.

மரத்தில் மூக்கு கடைவது எப்படி? லேத் இல்லை.

டிரில் மெஷின் போதும். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

பால்சாத் துண்டை வேண்டிய நீளத்தைவிட ஒரு விரல் அதிகமாக வெட்டுங்கள். தோள் பகுதிக்கும் சேர்த்துத்தான். தோள் என்பது குழாய்க்குள் நுழையும் ஒடுங்கிய அடிப்பகுதி. அடியின் நட்டநடுவில் 6 மி.மீ. துளையிட்டு, அதே தடிமனுள்ள கட்டைக் குச்சியை எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து கெட்டியாகும் பசை) போட்டு ஒட்டுங்கள். துளை சாய்ந்தால் எல்லாம் சாயும். ஒரு நாள் காயவிட்டு, குச்சியை டிரில் வாயில் மாட்டி, டிரில்லை மேசையோடு இறுகக் கட்டிவிடுங்கள். மூலைகளைக் கட்டரால் முன்னாலேயே செதுக்கிவிட்டால் அதிர்வு குறையும். குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, முரட்டு உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து, இரு கைகளாலும் பிடித்து மேலே போடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்; பால்சாத் தூள் மூக்குக்குள் போனால் மறுநாள் வரை தும்மல்.

அட்டையில் வரைந்த வில்லை வெட்டி எடுத்தால் ஒரு குழிவான அச்சு மிஞ்சும் அல்லவா? மெஷினை நிறுத்திவிட்டு அதை மூக்கின்மேல் வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். தொடும் இடம் மேடு. மேட்டை மட்டும் தேயுங்கள். பள்ளத்தைப் பார்த்துக் கை துறுதுறுக்கும், தொடாதீர்கள். நுனியைக் கடைசியில் செய்யுங்கள், சுழலாதபோது, கையால். சுழலும்போது நுனியைத் தொட்டால் அது பறந்து போய்விடும். அதைத் தேடிக் கட்டிலுக்கடியில் ஊர்ந்த அனுபவம் எனக்கு மூன்று முறை.

பிறகு மரத்தின் துளைகளை அடைக்க வேண்டும். சீலரை இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 400 எண் உப்புத்தாள். நகத்தால் தட்டினால் மரச்சத்தம் போய்ப் பிளாஸ்டிக் சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் வண்ணம் அடித்தால் மரநார் எழுந்து நிற்கும். போர் ஏவுகணைக்கு மீசை முளைத்த மாதிரி.

முப்பரிமாண அச்சில் எடுத்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே?

வேண்டாம், வேறு பாடு உண்டு. புடைத்த தலை, குழிந்த வளைவு, கம்பிமூடி போன்ற சிறு மேடுகள் எல்லாம் அச்சில் சுலபம். ஒரு மி.மீ. சுவர் போதும். அதற்கு மேல் தடித்தால் தேவையில்லாத எடை. தோளின் விட்டத்தைக் குழாயின் உள்விட்டத்தைவிட 0.3 மி.மீ. குறைத்து வரையுங்கள்.

கடைசி ஒரு செ.மீ.தான் தொல்லை. நுனிக்குப் போகப் போக ஒவ்வோர் அடுக்கும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். ஆறுவதற்குள் அடுத்தது மேலே வந்து உட்கார, நுனி உருகி மெழுகுவத்தி மாதிரி சாயும். இரண்டு மூக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் அச்சிடுங்கள். ஒன்றை அச்சிடும்போது மற்றது ஆறும். மிச்சமாகும் இரண்டாவது மூக்கு ஒருநாள் தேவைப்படும், கவலை வேண்டாம்.

அடுக்குக் கோடுகளை மறைக்கத் தடித்த பிரைமர் அடித்துத் தேய்க்க வேண்டும், பிறகு மறுபடி. பட்டி போட்டுத் தேய்ப்பதும் சரி. சாதாரணப் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். மூடிய காருக்குள் வெயிலில் வைத்த ஒரு பேட்ரியட் மூக்கின் தோள் முட்டை வடிவமாகிவிட்டது. குழாய்க்குள் போகவே இல்லை. பெட்ஜி என்ற பிளாஸ்டிக் கொஞ்சம் தாங்கும்.

காகிதத்தில் செய்ய முடியாதா?

நேரான கூம்புகளுக்குக் காகிதத்தைவிட நல்லது இல்லை. பெர்ஷிங் மாதிரி நீண்ட கூம்புத் தலைக்கும், ஆனஸ்ட் ஜானின் தலையிலிருந்து உடலுக்கு இறங்கும் சரிவுக்கும் அதுவே போதும். கூம்பின் சாய்நீளத்தை ஆரமாக வைத்து வட்டம் வரைந்து, அடி ஆரத்தைச் சாய்நீளத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கிய கோணத்துக்கு வெட்ட வேண்டும். அடி ஆரம் 20, உயரம் 60 என்றால் சாய்நீளம் 63.2, கோணம் 114 டிகிரி. ஒட்டுவதற்கு ஒரு விளிம்பு விட மறக்காதீர்கள். உள்ளே மெல்லிய உடனடிப் பசையை ஊறவிட்டால் காகிதம் பிளாஸ்டிக்காக மாறி, தேய்க்கவும் வரும். வளைந்த மூக்குக்குக் காகிதம் ஒத்துவராது.

மூக்கில் எடை போட வேண்டும் என்கிறார்கள். ஏன், எவ்வளவு?

இந்தப் பொழுதுபோக்கின் மையமே இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ராக்கெட்டை ஒரு விரலில் சமன் செய்தால் நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். காற்றின் பக்கவாட்டு விசை முழுவதும் ஒரே இடத்தில் விழுவதாகக் கொண்டால் அந்த இடம் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால் ராக்கெட் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு குழாய் விட்டம் இடைவெளி வேண்டும் என்பது வழக்கம்.

நிஜ ஏவுகணைக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தேவையில்லை. சொல்லப்போனால் அதிகம் இருந்தால் அது சட்டென்று திரும்பாது. உள்ளே இருக்கும் கருவி நொடிக்குப் பலமுறை துடுப்பைத் திருப்பிச் சமாளிக்கும். அதனால்தான் அவற்றின் துடுப்புகள் குட்டி. சைட்வைண்டருக்கு மூக்கருகேயே நான்கு முன்துடுப்புகள் வேறு. அவை அழுத்த மையத்தை முன்னால் இழுக்கும். வி-2-வின் வால் ஒடுங்குவதும் அதே வேலையைச் செய்கிறது. அளவு பிசகாமல் செய்த மாதிரிக்கு மூளை கிடையாது, வெறும் குட்டித் துடுப்புதான். ஈடுகட்ட ஒரே வழி மூக்கில் எடை. அழகுக்காக நாம் செய்கிற அந்த மூக்கே ராக்கெட்டை நேராகவும் நிறுத்துகிறது.

அழுத்த மையத்தைக் கையால் கணக்கிட ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் கொடுத்த சமன்பாடுகள் உண்டு. அவற்றின்படி கூம்பு மூக்கின் அழுத்த மையம் நுனியிலிருந்து நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கில், ஓஜைவுக்கு 0.466 பங்கில். இப்போது யாரும் கையால் போடுவதில்லை. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் இரண்டு மையங்களையும் காட்டிவிடும். ஹெல்சின்கியில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வேடாக 2009-இல் பிறந்தது அது.

ஓர் உதாரணம். மோட்டார் மாட்டிய ராக்கெட் 90 கிராம். நுனியிலிருந்து ஈர்ப்பு மையம் 330 மி.மீ., அழுத்த மையம் 345. விட்டம் 41.6, ஆக ஈர்ப்பு மையம் 303-க்கு வர வேண்டும். மூக்குக்குள் நுனியிலிருந்து 40 மி.மீ. தள்ளி எடை வைத்தால் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல் போதும். அதையே 80 மி.மீ. தள்ளி வைத்தால் 11 கிராம் வேண்டும். எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு மிச்சம். அதனால் மூக்கைச் செய்யும்போதே நுனிவரை குடைந்த இடம் விடுங்கள்.

கடைசிச் சோதனை நூல். ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் விட்டுத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. பின்னால் போனாலோ, பக்கவாட்டில் மிதந்தாலோ இன்னும் எடை. மோட்டார் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் பற்றவைக்கும் கம்பி இருக்கக் கூடாது.

எடைக்கு எதைப் போடுவது?

களிமண், சிறு எஃகுக் குண்டுகள், எபாக்சியில் குழைத்தால் எல்லாமே சரி. ஈயம் வேண்டாம். மூக்கை உலோகத்திலேயே கடைவதும் கூடாது. பாதுகாப்பு விதி அதைத் தடுக்கிறது, நியாயமாகவே.

எபாக்சி கெட்டியாகும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் ரொம்பவே. நான் ஒருமுறை 20 கிராம் வேக எபாக்சியை அச்சிட்ட மூக்குக்குள் ஒரே தடவையில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் நுனியின் ஒரு பக்கம் கன்னம் வீங்கின மாதிரி புடைத்துவிட்டது. இப்போது ஐந்தைந்து கிராமாக ஊற்றுகிறேன். மூக்கைக் குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாக நிறுத்திவைத்து.

துடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எடையே வேண்டாமே?

உண்மை. 10, 15 சதவீதம் பெரிதாக்கினால் யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். அது உறுத்தாதவர்களுக்கு நல்ல வழி. போட்டிக்குச் செய்கிறவர்கள் நிறமற்ற பிளாஸ்டிக்கில் கூடுதல் துடுப்பு ஒட்டுவது உண்டு. சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் எஸ்7 என்ற பிரிவு அளவுமாதிரிகளுக்கென்றே இருக்கிறது. அங்கே நிஜ ஏவுகணையின் அளவு ஆவணங்களையும் கூடவே கொடுக்க வேண்டும்.

எந்த மோட்டார்?

மோட்டார் குறியீட்டில் மூன்று செய்தி. சி6-3 என்றால் 'சி' மொத்த உந்துவிசை வகை, 5 முதல் 10 நியூட்டன்-வினாடி வரை. ஒவ்வோர் எழுத்து ஏறும்போதும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 6 சராசரி விசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்தபின் பாரசூட்டைத் தள்ளும்வரை உள்ள வினாடிகள்.

ராக்கெட்டின் எடையைப் போல ஐந்து மடங்கு விசை வேண்டும் என்பது எளிய விதி. 120 கிராம் ராக்கெட்டுக்கு 6 நியூட்டன். மூக்கில் எடை ஏறிய ஏவுகணை மாதிரிகள் கனம், உயரம் குறைவு. அதனால் தாமத வினாடி குறைந்த மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். ஏழு வினாடி போட்டால் தரையில் குத்தியபின்தான் பாரசூட் வரும். மோட்டாரைச் சொந்தமாகச் செய்வது, உள்ளே எதையாவது மாற்றுவது பற்றி மட்டும் கேட்காதீர்கள். அப்படிச் செய்து விரல்களை இழந்தவர்களின் கதையிலிருந்துதான் தொழிற்சாலை மோட்டாரே பிறந்தது.

மூக்கு குழாயில் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும்?

ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகக் குலுக்கினால் விழக்கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிட வேண்டும். தளர்வாக இருந்தால் தோளில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. கனமான மூக்குக்கு இறுக்கம் சற்று கூடவே வேண்டும்: மோட்டார் அணைந்ததும் உடலைக் காற்று பிடித்து இழுக்கும், கனமான மூக்கோ அதே வேகத்தில் போகப் பார்க்கும், நடுவானில் இரண்டும் பிரிந்துவிடும்.

இணைக்கும் கயிற்றை உடலின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது விடுங்கள். குட்டையான எலாஸ்டிக் போட்டால் வெளியே பாய்ந்த மூக்கு சுண்டிக்கொண்டு திரும்பி வந்து, குழாயின் வாயில் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டுப் போடும்.

வண்ணமும் குறிகளும்?

நிஜத்தைப் பார்த்து அடியுங்கள். அமெரிக்க ஏவுகணைகளில் மஞ்சள் பட்டை வெடிதலையைக் குறிக்கும், பழுப்புப் பட்டை ராக்கெட் மோட்டாரை, நீலம் வெடிக்காத பயிற்சி உருப்படியை. நான் நீலத்தைத் தேர்ந்தெடுப்பேன். பார்ப்பதற்கும் அழகு, சொல்வதும் உண்மை. வி-2-வுக்குச் சோதனைக்கால கறுப்பு வெள்ளைக் கட்டம். உருளுகிறதா என்று தரையிலிருந்து பார்க்க அடித்தது அது, உங்களுக்கும் அதே உதவியைச் செய்யும். ரேடார் மூக்கு உள்ளவற்றில் மூக்கின் நிறம் உடலோடு ஒட்டாமல் தனியாக இருக்கும், ஏனென்றால் அது உலோகமல்ல. அந்தக் கோடு வளையாமல் விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

பாதுகாப்பு, சட்டம்?

ஒவ்வொரு நாட்டிலும் மோட்டார் வெடிபொருள் சட்டத்துக்குள்ளும், பறப்பது வான்வெளி விதிக்குள்ளும் வரும். வாங்குவதற்கு முன்னால் விசாரித்து அனுமதி பெறுங்கள். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு நெறிகள் நல்ல வழிகாட்டி: மொத்த எடை 1500 கிராமுக்குள், ராக்கெட் கிளம்பும்போது பிடித்துக்கொண்டு ஏறும் ஏவுகம்பி செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, காற்று மணிக்கு 32 கி.மீ.-க்குள், டி வகை மோட்டார் வரை 5 மீட்டர், அதற்கு மேல் 9 மீட்டர் தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும். பற்றவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு கிட்டே போங்கள்.

போர் ஏவுகணை மாதிரிகளுக்குக் கூடுதலாக ஒன்று: பொது இடத்தில் வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூக்கைத் தனியே கழற்றி, உடலைப் பையில் போடுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு 1:10 என்பதெல்லாம் தெரியாது.

மூக்கு தரையில் குத்தி நசுங்கிவிட்டது. சரிசெய்யலாமா?

பால்சா என்றால் நசுங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் லேசாகத் தொடுங்கள். நீராவியில் பாதிப் பள்ளம் எழும்பிவிடும். மீதிக்குப் பட்டி. அச்சிட்டது விரிசல் விட்டிருந்தால் உள்பக்கம் எபாக்சி. உள்ளே எடை ஆடுகிறதா என்று காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஆடினால் மறுபடி ஒட்டும்வரை பறக்கவிடாதீர்கள். நுனியே போய்விட்டால், அன்று கூடவே அச்சிட்ட அந்த இரண்டாவது மூக்கை எடுங்கள். அதிலும் எடை போட்டு, நூலில் கட்டி ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு.